சபீஹா வீட்டு முறை

தை முடிந்து மாசி பிறந்தால் தேன்கனிக்கோட்டை சாலைப் பக்கத்து ஊர்களில் வெயிலுக்கு ஒரு நல்ல குணம் வந்துவிடும். விடியற்காலையில் ஓட்டுக்கூரையிலிருந்து பனி சொட்டும். குடத்துத் தண்ணீரில் கை வைக்க முடியாது. ஆனால் பொழுது கொஞ்சம் மேலே ஏறிவிட்டால் போதும், புழக்கடையில் வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தவர்களுக்கு எழுந்திருக்க மனசே வராது. ராகி அறுத்து அடித்து வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கும். நிலத்தில் அவரை மட்டும் நிற்கும். பனி குடித்த அவரைக்காயைப் பறித்தால் விரலெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டும். அந்த வாசனை சோப்புப் போட்டாலும் போகாது. போக வேண்டும் என்று அந்த ஊரில் யாரும் நினைப்பதும் இல்லை.

இத்தனை சுகம் வாசலுக்கே வந்து நிற்கிற மாசத்தில்தான் முனிலட்சுமிக்கு எந்நேரமும் வயிறு எரிந்துகொண்டிருந்தது. காரணம் அவள் புருஷன் திம்மராயன். இன்னும் சரியாகச் சொன்னால், திம்மராயனின் ஞாயிற்றுக்கிழமை.

திம்மராயன் ஓசூரில் ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸில் வேலை பார்த்தான். கம்பெனி பஸ் மெயின் ரோட்டுக்கு வரும், ஏறிப் போவான், இருட்டும்போது வந்து இறங்குவான். சேர்ந்து சில வருஷம் ஆகியும் டெம்பரவரியாகவே இருந்தான். பர்மனென்ட் ஆகிவிட்டால் காக்கிச் சட்டை, கேன்டீன் சாப்பாடு, ஊரில் ஒரு மதிப்பு எல்லாம் வரும். அதெல்லாம் ஸ்டோர்ஸ் ஆபீசர் மனசு வைத்தால் ஆகிற காரியம் என்று அவன்தான் அவளிடம் சொல்லியிருந்தான். அந்த ஆபீசர் மெட்ராஸ்காரர். பொங்கல் முடிந்த கையோடு திம்மராயன் அவருக்கு ஒரு பை நிறைய அவரைக்காய் கொண்டுபோய்க் கொடுத்தான். இதை என்ன செய்வது என்று அவர் கேட்க, எங்கள் வீட்டுக்கு வந்து பிதுக்கம்பருப்புக் குழம்பு சாப்பிட்டுப் பாருங்கள் சார் என்று வாயை விட்டான். அடுத்த ஞாயிறே வெள்ளை ஃபியட் கார் வாசலில் வந்து நின்றது. அப்புறம் நிற்காத ஞாயிறு இல்லை.

பிதுக்கம்பருப்பைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அது தனி ஆளாகச் செய்கிற வேலை இல்லை. அவரைக்கொட்டையை உரித்து, ராத்திரி முழுக்க ஊறவைத்து, காலையில் ஒவ்வொரு கொட்டையாகக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்த வேண்டும். தோல் கையில் நிற்கும், பருப்பு வழுக்கிக்கொண்டு பாத்திரத்தில் விழும். நாலு பேர் சாப்பிடுகிற குழம்புக்குப் பிதுக்குவதற்குள் விரல் நுனி வெளுத்துச் சுருங்கிவிடும். அதனால் பெண்கள் முறை வைத்துக்கொண்டார்கள். இன்றைக்கு என் வீட்டில் நாம் எல்லோரும், அடுத்த தடவை உன் வீட்டில். ஆண்கள் கம்பெனிக்குப் போக ஆரம்பித்த பிறகு ஞாயிறுதான் அதற்கு நாள் என்றாகிவிட்டது. வெயிலில் வட்டமாக உட்கார்ந்து பிதுக்கும்போது வருகிற பேச்சும் சிரிப்பும், நடுவில் யாராவது போட்டுக்கொண்டு வருகிற டீயும், சுட்ட வேர்க்கடலையும் சேர்ந்தால், இதற்காகத்தான் அவரையே விதைக்கிறார்களோ என்று தோன்றும். வருஷத்தில் அந்தப் பெண்களுக்கென்று இருந்த விருந்து அது ஒன்றுதான்.

அந்த விருந்தைத்தான் ஆபீசரின் ஃபியட் கார் ஏறி நசுக்கிவிட்டது. முதல் ஞாயிறு முனிலட்சுமிக்குக் கைகொடுக்க பக்கத்து வீட்டு சபீஹா வந்தாள், சாந்தம்மா வந்தாள், சென்னம்மாள் வந்தாள். அடுத்த ஞாயிறும் வந்தார்கள். முறைப்படி அது சாந்தம்மா வீட்டு நாள். பரவாயில்லை, திம்மராயன் வேலை விஷயம் என்று விட்டுக்கொடுத்தார்கள். மறு ஞாயிறு சாந்தம்மா வாய் திறந்தாள். உங்கள் வீட்டு ஆபீசருக்குப் பிதுக்கிப் பிதுக்கி என் நகம் பெயர்ந்ததுதான் மிச்சம், என் வீட்டுக்காரர் இன்னும் புளிச்சாற்றில்தான் களியைத் தொட்டுக்கொண்டிருக்கிறார் என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அதற்கப்புறம் அவளும் வரவில்லை, சென்னம்மாளும் வரவில்லை. பம்பு செட்டில் தண்ணீர் எடுக்கப் போனால் பேச்சு சட்டென்று நின்றது. முனிலட்சுமி நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலக் குன்றிப் போனாள். அவள் வீட்டு விருந்தாளிக்காக ஊர்ப் பெண்கள் எல்லோரும் உழைத்தாயிற்று. அவள் ஒருத்தர் வீட்டுக்கும் போய் ஒரு கொட்டை பிதுக்கவில்லை.

சபீஹா மட்டும் விடாமல் வந்தாள். அவளுடைய புருஷன் மெஹபூப் பாஷா சந்தை சந்தையாகப் போய்ப் புளி வியாபாரம் செய்கிறவர். போன வருஷம் முனிலட்சுமியின் மகளைப் பாரூரில் கட்டிக்கொடுத்தபோது, கல்யாணம் முடிகிற வரைக்கும் சபீஹா கூடவே நின்று வேலை பார்த்தாள், தன் வீட்டு அடுப்பை மூட்டவில்லை. அப்படிப்பட்டவள் இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஒன்று கேட்டாள். அவள் மகள் வஜிஹாவைப் பேசி முடிக்க வரும் ஞாயிறு காவேரிப்பட்டினத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். பிரியாணி எல்லா இடத்திலும்தான் சாப்பிடுகிறோம், உங்கள் பக்கத்துப் பிதுக்கம்பருப்பு போட்ட கறிக்குழம்பு வையுங்கள் என்று மாப்பிள்ளையின் அம்மா வாய்விட்டுக் கேட்டிருக்கிறாள். வருகிறவர்கள் ஒரு வேன் நிறைய. அவ்வளவு பேருக்குப் பிதுக்க ஆள் வேண்டும். சாந்தம்மாவும் சென்னம்மாளும் அன்றைக்கு ஒரு கல்யாணத்துக்காகக் கிருஷ்ணகிரி போகிறார்கள். முனிலட்சுமி வந்தால் போதும்.

விடிந்ததும் உன் வீட்டில்தான் இருப்பேன் என்று முனிலட்சுமி சபீஹாவின் கையைப் பிடித்துச் சொன்னாள். ரொம்ப நாளைக்கப்புறம் அவளுக்கு மனசு லேசாக இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் திம்மராயன் பல்லைக் காட்டிக்கொண்டு வந்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. நாளைக்கு ஆபீசரோடு அவர் மச்சினன் குடும்பமும் பெங்களூரிலிருந்து வருகிறதாம். முனிலட்சுமி முறத்தைக் கீழே போட்டாள். சபீஹா வீட்டு விஷயத்தைச் சொன்னாள். சொன்னாள் என்பது மரியாதைக்கு, கத்தினாள் என்பதுதான் சரி. நாளைக்கு அடுப்பு மூட்ட மாட்டேன், அவரை ஊறவைக்க மாட்டேன், உன் ஆபீசர் ஓட்டலில் போய்த் தின்னட்டும் என்றாள். திம்மராயன் எதிர்த்துப் பேசவில்லை. அதுதான் அவனுடைய சாமர்த்தியம். திண்டாட்டத்தில் இருப்பவன் போல உட்கார்ந்துகொண்டு, மெதுவாகச் சொன்னான்.

"பர்மனென்ட் ஆர்டர் அவுரு கையிலதான் புள்ள இருக்குது. இந்த ஒரு வாரம் பல்லக் கடிச்சிக்க."

அந்த வார்த்தைக்குத்தான் அவள் ஒவ்வொரு வாரமும் விழுந்தாள். அந்த வாரமும் விழுந்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்குத்தானே வருகிறார்கள், கோழி கூவும்போது எழுந்து தனி ஆளாகத் தன் வீட்டுக்குப் பிதுக்கி முடித்துவிட்டு, வெயில் ஏறும்போது சபீஹா வீட்டுக்கு ஓடிவிடலாம் என்று கணக்குப் போட்டாள். பெரிய குண்டானில் கொட்டையை ஊறப் போட்டாள்.

கணக்கு சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பனியில் விரல் விறைக்க, யாரும் இல்லாத புழக்கடையில் உட்கார்ந்து பிதுக்கினாள். ஒண்டியாகப் பிதுக்கும்போது அந்த வேலையில் இருந்த ருசி அத்தனையும் போய்விட்டது. வெறும் விரல் வலிதான் மிச்சம். வெயில் மாட்டுக்கொட்டகைமேல் விழுகிற நேரத்தில் குண்டான் முக்கால்வாசி நிறைந்திருந்தது. எழுந்து இடுப்பை நிமிர்த்தினாள். அப்போது கார் சத்தம் கேட்டது. ஒரு கார் இல்லை, இரண்டு.

விருந்தாளிகள் எண்ணெய் தேய்த்துக் குளிக்க வந்திருந்தார்கள். துவரைமார் போட்டு எரித்த செப்பு அண்டாத் தண்ணீர், அந்தப் புகை வாசனை, அரப்பு, குளித்ததும் வெயில். போன வாரம் அந்த வெந்நீரில் கை கழுவிய ஆபீசர் அதை வாயாரப் புகழ்ந்தாராம். அப்படியானால் அடுத்த வாரம் காலையிலேயே வந்துவிடுங்கள் சார் என்று திம்மராயன் அழைத்துவிட்டான். அவளிடம் அதை மட்டும் சொல்லாமல் முழுங்கிவிட்டான். முனிலட்சுமி அவனைப் பார்த்தாள். அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அவன் அவசரமாக அண்டாவுக்குத் தண்ணீர் சேந்தப் போய்விட்டான்.

அப்புறம் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. எண்ணெய் காய்ச்சு, காபி போடு, குழந்தைக்குப் பால் ஆற்று, துண்டு எங்கே, அரப்பு எங்கே. பெங்களூர் மச்சினன் கட்டாந்தரையில் கிடந்த கன்றுக்குட்டியைப் போட்டோ எடுத்தான். ஆபீசர் கோவணத்தோடு வெயிலில் நின்று, இந்தக் காற்றுக்கே காசு கொடுக்கலாம் என்றார். திம்மராயன் அவர் முதுகில் எண்ணெய் தேய்த்துக்கொண்டே, எல்லாம் உங்க ஆசீர்வாதம் சார் என்றான். காற்றுக்கு இவர் ஆசீர்வாதமா என்று முனிலட்சுமி பல்லை நறநறவென்று கடித்தாள்.

ஆபீசர் வீட்டம்மா புழக்கடைக்கு வந்து, முனிலட்சுமி விரித்திருந்த சாக்கில், வெயில் நன்றாக விழுகிற அந்த இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள். கெட்டவள் என்று சொல்ல முடியாது. சிரித்த முகம். தானும் பிதுக்கிப் பார்க்கிறேன் என்று நாலைந்து கொட்டை பிதுக்கினாள். ஒன்று துள்ளிப் போய்க் கோழிமேல் விழுந்தது, விழுந்து விழுந்து சிரித்தாள், நகம் வலிக்கிறது என்று விட்டுவிட்டாள். உனக்கென்னம்மா ராணி மாதிரி வாழ்க்கை, வெயில் காய்ந்துகொண்டே வேலை, பறித்தால் காய், மூட்டினால் வெந்நீர், எங்களைப் போலக் கவலை உண்டா என்றாள். முனிலட்சுமி தலையை நிமிர்த்தவில்லை. நிமிர்த்தினால் ஏதாவது சொல்லிவிடுவாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் சபீஹா வீட்டுப் புழக்கடை தெரிந்தது. சபீஹா ஒரு பெரிய அலுமினியப் பேசினுக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தாள். எதிரில் வஜிஹா. மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வருகிற பெண், தலைகூட வாராமல், பழைய தாவணியில் உட்கார்ந்து தன் கல்யாணப் பேச்சுக்குத் தானே அவரை பிதுக்கிக்கொண்டிருந்தாள். சபீஹா ஒரு தடவைகூட இந்தப் பக்கம் கூப்பிடவில்லை. கார் நிற்பதை அவளும் பார்த்திருப்பாள். திட்டியிருந்தால்கூட முனிலட்சுமி தாங்கியிருப்பாள்.

அந்த நேரம் பார்த்து ஆபீசர் வீட்டம்மா பெருமூச்சு விட்டாள்.

"இதெல்லாம் புனாவுல எங்க கிடைக்கும்? அடுத்த மாசம் கிளம்பறோம். பொங்கலுக்கே டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்துடுச்சு. போறதுக்குள்ள ஒரு ஞாயிறு விடாம உங்க வீட்டுக்கு வந்துடணும்னு இவர் சொல்லிட்டார்."

முனிலட்சுமியின் விரல்கள் நின்றுவிட்டன. அப்படியானால் வேலை பர்மனென்ட் ஆவது என்று இழுத்தாள். அதெல்லாம் இவர் கையில் எப்போதுமே இருந்ததில்லை, மெட்ராஸில் தலைமை ஆபீஸில் முடிவாகிற சமாச்சாரம், அதிலும் இந்த வருஷம் யாரையும் எடுக்கப் போவதில்லை என்று இவர் சொன்னாரே என்று அந்த அம்மாள் வெகுளியாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, குழம்புக்குத் தேங்காய் வறுத்து அரைப்பீர்களா பச்சையாகவா என்று கேட்டாள்.

முனிலட்சுமி மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். எத்தனை ஞாயிறு. சாந்தம்மாவின் நகம், சென்னம்மாளின் முறை, பம்பு செட்டில் நின்றுபோன பேச்சு. இல்லாத ஒன்றுக்காக அத்தனையையும் தூக்கிக் கொடுத்திருக்கிறாள். இந்த அம்மாள்மேல் கோபம் வந்தது, ஆபீசர்மேல் வந்தது, தன்மேல் எல்லாவற்றையும்விட அதிகமாக வந்தது. தலையில் மிளகாய் அரைத்திருக்கிறார்கள், அம்மிக்குத் தலையைக் காட்டிக்கொண்டு நின்றது அவள்தான்.

எழுந்தாள். பிதுக்கிய பருப்பு நிறைந்த குண்டானை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள். கழுவி எடுத்து வருகிறாயா என்று ஆபீசர் வீட்டம்மா கேட்கக் கேட்க நடந்தாள். அண்டாவுக்குப் பக்கத்தில் வெந்நீர் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்த திம்மராயன் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டான். வேலிப் படலைக் காலால் தள்ளித் திறந்து, நேராக சபீஹாவின் முன்னால் போய்க் குண்டானை இறக்கினாள்.

சபீஹா குண்டானைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். உன் வீட்டு விருந்தாளிகள் எதைச் சாப்பிடுவார்கள் என்று கேட்டாள்.

"தோலு இருக்குதுக்கா."

சபீஹாவுக்குச் சிரிப்பு வரவில்லை. குண்டானை முனிலட்சுமியின் பக்கமே நகர்த்தினாள்.

"நான் பருப்பா கேட்டேன் லட்சுமி? ஆளத்தான் கேட்டேன்."

அது கன்னத்தில் அறைந்த மாதிரி விழுந்தது. ஆனால் நியாயமான அடி என்பதால் முனிலட்சுமி அதை வாங்கிக்கொண்டாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஆளும்தான் வந்திருக்கிறது என்று வஜிஹாவை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்தாள். போய்த் தலை குளித்து நல்ல துணி கட்டிக்கொள் என்று பெண்ணை விரட்டினாள். வஜிஹா ஓடினாள். சபீஹா பேசினை இருவருக்கும் நடுவில் இழுத்து வைத்தாள்.

வெயில் முதுகில் இறங்கியது. அந்தப் பருவத்தில் முனிலட்சுமிமேல் நிதானமாக விழுந்த முதல் வெயில் அதுதான். ஊறிய கொட்டை விரலுக்கிடையில் வழுக்கிக்கொண்டு போனது. கொஞ்ச நேரம் கழித்து சபீஹா, மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் பல் இல்லையாம், அதனால்தான் பிதுக்கம்பருப்பு கேட்டிருக்கிறாள் என்று மெல்லச் சொன்னாள். இருவரும் சிரித்தார்கள். சத்தமில்லாமல் ஆரம்பித்த சிரிப்பு, அடக்க அடக்கக் கூடிக்கொண்டே போனது. உள்ளேயிருந்து டீ வந்தது. அந்த டீயைக் குடிக்கும்போது முனிலட்சுமிக்கு அழுகை வரும் போல இருந்தது, கோபத்தில்தான். இவ்வளவுதானே கேட்டேன், இதைக்கூடவா பிடுங்கிக்கொண்டார்கள்?

கறி வேகிற வாசனை எழும்புகிற நேரத்தில் திம்மராயன் வேலி ஓரம் வந்து நின்றான். கையெல்லாம் எண்ணெய். குரலைத் தாழ்த்திக் கூப்பிட்டான். அவள் எழுந்து போனாள். அடுப்பில் ஒன்றுமே இல்லை, பருப்பும் இல்லை, எல்லோரும் குளித்துவிட்டுப் பசியோடு உட்கார்ந்திருக்கிறார்கள், மானத்தை வாங்குகிறாயே என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்.

முனிலட்சுமி இதற்காகத்தான் காத்திருந்தாள். உன் ஆபீசர் புனாவுக்கு மூட்டை கட்டியாயிற்று, பொங்கலுக்கே ஆர்டர் வந்துவிட்டது, பர்மனென்ட்டும் கிடையாது ஒன்றும் கிடையாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவன் மூஞ்சி விழுவதைப் பார்க்கத்தான் சொன்னாள்.

விழவில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டு வேலி முள்ளில் ஒன்றை ஒடித்தான்.

"தெரியும்."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. எப்போதிலிருந்து என்று கேட்டாள். பொங்கல் கழிந்த வாரமே கம்பெனியில் பேசிக்கொண்டார்களாம். அப்படியானால் இத்தனை ஞாயிறும் எதற்கு, என் தாலியறுத்தது எதற்கு என்று கேட்கும்போது அவள் குரல் உயர்ந்துவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் மச்சினனின் பேச்சு நின்றது.

"கம்பெனில என்னை யாரு புள்ள மனுசனா மதிக்கறாங்க? டேய் திம்மராயா, அதத் தூக்கு, இத எறக்கு, அவ்ளோதான். இங்க வந்தா அவுரே, உங்க ஊட்டுச் சாப்பாடு மாதிரி எங்கியும் சாப்ட்டதில்லன்றாரு. கேக்கறதுக்கு நல்லா இருந்துச்சி."

பொய் சொல்லியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவன் உண்மையைச் சொன்னான். ஒரு கணம் அவன்மேல் இரக்கம்கூட வந்தது. அதன் பின்னாலேயே, அதைத் தள்ளிக்கொண்டு, அதுவரை வந்த கோபம் எல்லாவற்றையும்விடப் பெரிய கோபம் வந்தது. அவள் கத்தவில்லை.

"அந்தக் கொழம்பு நான் வெச்சது மாமா. கட்டிக்கினு வந்த நாள்லருந்து வெக்கறேன். நல்லா இருக்குதுன்னு ஒரு நாளு எங்கிட்ட சொல்லியிருக்கியா?"

திம்மராயன் யோசித்தான். உண்மையாகவே நின்று யோசித்தான். வருஷம் வருஷமாகப் பின்னால் போய்த் தேடுவது அவன் முகத்தில் தெரிந்தது. அவள் காத்திருந்தாள். ஒன்றும் அகப்படவில்லை என்பதும் முகத்தில் தெரிந்தது. ரோட்டுப் பக்கம் வேன் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பியது. மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள். அவன் அவசரமாக வாயைத் திறந்தான்.

"இப்ப சொல்றேன் புள்ள. நல்லா இருக்குது. ரொம்ப நல்லா இருக்குது. வா."

"கொழம்ப இன்னும் அடுப்புலயே வெக்கல" என்று சொல்லிவிட்டு, முனிலட்சுமி கையைக் கழுவிக்கொண்டு சபீஹா வீட்டு விருந்தாளிகளுக்குப் பாய் விரிக்கப் போனாள்.